தட்டு கேட்டுக்கொண்டிருக்கிறது

மோர்னிங்சைட், ரொறன்ரோ
15 செப்டெம்பர் 2024

துயர் பகிர்வு

சீனாவைப் பிறப்பிடமாகவும், மோர்னிங்சைட் தொடர்மாடியின் நான்காம் மாடிக் குசினியை வதிவிடமாகவும் கொண்டிருந்த எங்கள் ரோஸ்ரர் நேற்றுக் காலை புகை கக்கிக் காலமானது. அன்னார் பாண் துண்டுகளின் பாசமிகு தோழரும், மிக்சியின் அன்புச் சகோதரரும், அம்மாவின் ஏச்சுக்களைப் பொறுமையோடு தாங்கியவரும் ஆவார். இவ்வறிவித்தலை மேற்கு வேர்ஜீனியாவில் வாழும் உற்றார் உறவினர் ஏற்றுக்கொள்ளவும்.

அன்புள்ள மருமகள் றஜிதாவுக்கு,

உன் ஒரே மாமா றொய்சன் எழுதுவது. ரோஸ்ரரைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். யூஜினி அக்கா, பஸ்ரியன் அத்தான், நீ, தம்பி இக்கி எல்லாரும் சுகமோ?

எனக்குப் பதினாறு, உனக்குப் பதினொன்று. வித்தியாசம் சின்னது என்று மரியாதை குறையக்கூடாது. 'மாமா, நீங்கள்' என்றே எழுது. அதுவும் தமிழில் எழுது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பதில் இதுதான் என்று உன் அம்மா சட்டம் போட்டிருக்கிறா.

நீங்கள் நாலு பேரும் போனபிறகு வீட்டில் ஒரே நிம்மதி. அறை முழுக்க எனக்கு. இக்கி படுத்த மேல் கட்டிலில் இப்போது நான்தான் ராசா மாதிரிப் படுக்கிறேன்.

இனி உங்கள் புது மாநிலத்தைப் பற்றிய அறிமுகம். நான் அங்கே போனதில்லை. ஆனால் போகாதவன்தான் தெளிவாகச் சொல்லுவான்; போனவனுக்கு மரங்கள் மறைக்கும். அங்கே எல்லாம் மலை. ஆகவே மாடுகளுக்கு இடப்பக்கக் கால்கள் கட்டை, சரிவில் நேராக நிற்பதற்காக. கரடிகள் ஞாயிறு பூசைக்கு வரும், காணிக்கை மட்டும் போடாது. உன் அப்பா வேலை செய்யும் அந்தப் பெரிய ரேடியோத் தொலைநோக்கித் தட்டு, நட்சத்திரங்களின் சத்தத்தைப் பிடிக்கிற தட்டு, சோறு போட முடியாத தட்டு என்றாலும் உங்களுக்குச் சோறு போடுகிற தட்டு. மதித்து நடக்கவும்.

மலையைப் பார்த்து மலைக்காதே. சீ.என். கோபுரத்தின் கண்ணாடித் தரையில் துள்ளிக் குதித்தவனின் மருமகள் நீ.

உயரங்களுக்கு அஞ்சாத மாமா,
றொய்சன்

பி.கு: இக்கியிடம் சொல்லு, மாமா சொன்ன இரகசியம் நினைவிருக்கட்டும்.

*

மேற்கு வேர்ஜீனியா
6 ஒக்டோபர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். உங்கள் ரோஸ்ரரின் ஆத்மா சாந்தியடைய நேற்றுப் பாண் சாப்பிட்டோம்.

நான் மாடுகளைப் பார்த்தேன். நாலு காலும் ஒரே அளவு. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற அம்மாவிடம் கேட்டதற்கு அவர் சிரித்துச் சிரித்து ஒரு வளைவில் நிறுத்திவிட்டார். "உன்ர மாமாவை ஒருக்கா இங்க கூட்டிக்கொண்டு வா" என்றார்.

இந்தப் பள்ளத்தாக்கில் கைபேசி வேலை செய்யாது. வீட்டில் வை-ஃபை வைக்கக்கூடாது. தட்டுக்கு அதெல்லாம் இரைச்சலாம். சுவரில் வயர் போட்ட ரெலிபோன் ஒன்று இருக்கிறது, ஆனால் அது குசினியில், அம்மாவின் காதுக்குப் பக்கத்தில். அதனால்தான் கடிதம். வந்த முதல் நாளே அப்பா மைக்ரோவேவைப் பெட்டியோடு கராஜில் வைத்தார். இக்கியின் றிமோட் காரையும் வாங்கி வைத்துவிட்டார். அன்ரெனா பூட்டிய வெள்ளை ட்ரக் ஒன்று ஊரெல்லாம் சுற்றி, எங்கே இரைச்சல் வருகிறது என்று தேடும். போன மாதம் யாரோ ஒருவருடைய நாய்க் கூட்டிலிருந்த மின்சாரச் சூட்டுப் போர்வையைக்கூடக் கண்டுபிடித்ததாம்.

இங்கே ஒரு சிக்னல் லைற்றும் இல்லை. காலையில் மூடுபனி வந்தால் எங்கள் வீடு மட்டும்தான் உலகத்தில் இருப்பதுபோல இருக்கும். கடைகளில் பெப்பரோனி வைத்துச் சுட்ட ரோல்ஸ் விற்கிறார்கள். அம்மா ஒன்றைக் கடித்துவிட்டு, "உதுக்குள்ள மிளகாய் எங்க" என்றார். அடுத்தநாள் எங்கள் ரோல்ஸைச் சுட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். ரீச்சர் அழுதார். உறைப்பில்தான். பிறகு இன்னொன்று எடுத்தார்.

இக்கி நல்ல பிள்ளையாக இருக்கிறான். இவ்வளவு அமைதியான பிள்ளையைத் தான் கண்டதில்லை என்று அவன் ரீச்சர் சொன்னார்.

அன்புடன்,
றஜிதா

*

மோர்னிங்சைட்
27 ஒக்டோபர் 2024

அன்புள்ள மருமகளுக்கு,

சுகம், சுகமறிய ஆவல், சுகமில்லாவிட்டால் உடனே எழுதவும்.

மாட்டுக்கால் பற்றி: நீ பார்த்தது மேட்டுக்குடி மாடாக இருக்கலாம். மேட்டில் குடியிருக்கிற மாடு என்கிறேன். சரிவில் பார்.

பஸ் அம்மா என்னைக் கூப்பிட்டதாக எழுதியிருந்தாய். வருவேன். வந்தால் உங்கள் மலை ஒன்றில் காலை ஏறி மத்தியானச் சோற்றுக்கு இறங்கிவிடுவேன். கரடி வந்தால் நானும் ஒரு கரடி விடுவேன். எது பெரிது என்று அது பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரு சந்தேகம். மாடு, ரீச்சர், பஸ் அம்மா எல்லாரும் என்ன சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறாய். இக்கி சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. நான் சொல்வது இக்னேசியஸ் என்ற பெயருடைய ஆறு வயதுப் பையன். இவன் பாடினால் அடுத்த நகரம் ஒஷாவாவுக்குக் கேட்கும். கீழ்வீட்டுச் சண்முகலிங்கம் அங்கிள் தும்புத்தடியால் கூரையில் தட்டித் தட்டி அவருடைய வீட்டில் ஓட்டையே விழுந்தது. அவனா அமைதியான பிள்ளை? ரீச்சருக்குப் பிள்ளை மாறிப்போச்சுதோ? விசாரித்து எழுதவும்.

கரடிகளுக்கும் அஞ்சாத மாமா,
றொய்சன்

*

மேற்கு வேர்ஜீனியா
30 நவம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள்.

எழுதப் பிந்திவிட்டது. இங்கே மான் வேட்டைக்காக ஒரு கிழமை முழுக்கப் பள்ளிக்கூடம் விடுமுறை. உண்மையாகத்தான். பக்கத்துப் பண்ணைக்காரர் மான் தொடை ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அம்மா அதை ஆட்டிறைச்சிக் கறிபோல வைத்துக் கொஞ்சம் அவருக்கும் அனுப்பினார். இப்போது அவர் எங்கள் வீட்டுப் படியில் பனியை வழிக்காமலே போகமாட்டார். இறால் கறியும் வைப்பீர்களா என்று அப்பாவிடம் கேட்டாராம்.

எனக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது. பஸ் போகிற பாதையில் ஒரு பாலம், ஒரு கார் மட்டும்தான் போகலாம். எதிரில் கார் வந்தால் இரண்டு பேரும் நின்று, "நீ போ, நீ போ" என்று கைகாட்டிக்கொண்டே இருப்பார்கள். அப்பா பின்னேரம் நாலரைக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறார். நாங்கள் நாலு பேரும் ஒன்றாக இருந்து சாப்பிடுகிறோம்.

இக்கி சுகம்.

அன்புடன்,
றஜிதா

பி.கு: மாமா, நீங்கள் அவனிடம் சொன்ன இரகசியம் என்ன?

*

மோர்னிங்சைட்
15 டிசம்பர் 2024

அன்புள்ள மருமகளுக்கு,

எல்லாருக்கும் நத்தார் வாழ்த்துக்கள். இங்கே அம்மாவுக்கு முழங்கால் நோவு, அப்பாவுக்கு அம்மாவால் நோவு, மற்றப்படி சுகம்.

பார்சல் அனுப்புகிறோம். உறைப்பு மிக்சர் உனக்கு, சிவப்புத் தொப்பி இக்கிக்கு. புது ரோஸ்ரர் வந்துவிட்டது, ஆனால் பழையதன் குணம் இல்லை.

இரகசியம் ஆண்களுக்கிடையிலானது. சின்ன விசயம்தான். நத்தாரன்று ரெலிபோன் எடுப்பேன், இக்கியிடம் கொடு. அவனையே சொல்லச் சொல்வோம்.

அவசரத்தில்,
றொய்சன்

*

மேற்கு வேர்ஜீனியா
12 ஜனவரி 2025

மாமாவுக்கு,

நீங்கள் சுகமா என்று இந்த முறை கடைசியில் கேட்கிறேன்.

நத்தாரன்று ரெலிபோனில் உங்களுக்குக் கேட்டது இக்கி மூச்சு விட்ட சத்தம் மட்டும்தான். வெட்கம் என்று அம்மா சொன்னார். வெட்கமில்லை. செப்டெம்பர் மாதம் தொடங்கி அவன் வீட்டுக்கு வெளியே ஒரு சொல்லும் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் இல்லை, பஸ்ஸில் இல்லை, பூசையில் இல்லை. வீட்டுக்குள்ளும் போர்வைக்குள் புகுந்து குசுகுசுப்பான். பஸ் அம்மா ஒவ்வொரு காலையும் "குட் மோர்னிங், செல்லம்" என்பார். அவன் கையைத் தூக்கிவிட்டுப் போவான். நான் எழுதாமல் விட்டதற்குக் காரணம், எழுதினால் அது உண்மையாகிவிடும்போல இருந்தது.

பள்ளிக்கூடம் ஏதேதோ சோதனை செய்ய வேண்டும் என்கிறது. அம்மா முடிவெடுத்துவிட்டார். உயிர்த்த ஞாயிறுக்கு முதல் அவன் வாய் திறக்காவிட்டால் அம்மாவும் நாங்கள் இரண்டு பேரும் ரொறன்ரோவுக்குத் திரும்பி வருவோம். அப்பா இங்கே தனிய நிற்பார். சூட்கேஸ் இரண்டு அறை மூலையில் எடுத்து வைத்தாயிற்று.

அப்பா முன்பு அல்பேர்ட்டாவில் தனிய வேலை செய்துவிட்டு வந்தது நினைவிருக்கிறதா? கதவைத் திறந்த இக்கி, "அம்மா, ஒரு அங்கிள் வந்திருக்கிறார்" என்றான். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். அப்பா குளியலறைக்குள் போய் நெடுநேரம் வரவில்லை. எனக்கு அது இன்னொருமுறை வேண்டாம்.

நேற்று நாங்கள் ரோட்டோரம் நின்றபோது அந்த வெள்ளை ட்ரக் போனது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். இக்கி பாய்ந்து என் வாயைப் பொத்தினான். வீட்டுக்கு வந்து ஏன் என்று கேட்டேன். போர்வைக்குள்ளிருந்து, "மாமா சொன்னவர்" என்றான்.

என்ன சொன்னீர்கள்? அம்மாவிடம் இன்னும் நான் சொல்லவில்லை.

சுகமா?
றஜிதா

*

மோர்னிங்சைட்
16 பெப்ரவரி 2025

அன்புள்ள றஜிதாவுக்கு,

எனக்குப் பள்ளிச் சோதனைகள் இருந்தபடியால் எழுதப் பிந்திவிட்டது.

சொன்னது இதுதான். நீங்கள் சாமான் கட்டிய அன்று இக்கி ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். எனக்குத் தலையிடி. "இக்கி, அங்க இருக்கிற தட்டு எல்லாத்தையும் கேக்கும். வெளியில நீ வாய் திறந்தியோ, நட்சத்திரங்கள் சொல்லுறது குழம்பிப் போயிடும். பிறகு அப்பாவின்ர வேலை போயிடும்" என்றேன். ஐந்து நிமிடம் பேசாமல் இருப்பான் என்றுதான் பொய் சொல்லிப் பேய்க்காட்டினேன். வாசலில் வைத்து இன்னொருக்காவும் சொன்னேன், அவன் முகம் அப்படிப் பகிடியாக இருந்தது. பிறகு அங்கே அத்தான் றிமோட் காரையும் பறித்தால், நாய்ப் போர்வையையும் ட்ரக் பிடித்தால், அவன் எப்படி நம்பாமல் விடுவான்.

பயப்படாதே. விஞ்ஞானபூர்வமான திட்டம் ஒன்று வைத்திருக்கிறேன். இத்துடன் தட்டு இக்கிக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. "திரு. இக்னேசியஸ் அவர்களுக்கு, தாங்கள் விரும்பியபடி கத்தலாம், எனக்குக் கேட்காது. இப்படிக்கு, தட்டு." முத்திரை, கையொப்பம் எல்லாம் உண்டு. வாசித்துக் காட்டு. ஒரே நாளில் சரி.

அக்காவிடம் இப்போதைக்குச் சொல்லாதே.

றொய்சன்

*

மேற்கு வேர்ஜீனியா
2 மார்ச் 2025

மாமாவுக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை.

உங்கள் தட்டின் கடிதத்தை இக்கி முகர்ந்து பார்த்தான். "மாமா அடிக்கிற சென்ட் மணக்குது" என்று குசுகுசுத்தான். பிறகு கடிதஉறையைத் திருப்பி, "தட்டு இங்கதானே இருக்கு, ஏன் கனடா முத்திரை ஒட்டினது?" என்றான். விஞ்ஞானம் அதோடு முடிந்தது.

நானும் சொல்லிப் பார்த்தேன். தட்டு குரலைக் கேட்காது, கைபேசி மாதிரிப் பொருட்களிலிருந்து வருகிற அலைகளைத்தான் கேட்கும் என்றேன். "உனக்குத் தெரியாது, மாமாவுக்குத்தான் தெரியும்" என்றான். அப்பாவும், "என்ர வேலைக்கு ஒண்டும் நடக்காது அப்பன்" என்று காரணம் தெரியாமலே ஒருநாள் சொன்னார். அப்பா தைரியத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்து அவன் இன்னும் இறுக வாயை மூடிக்கொண்டான்.

சொன்ன வாய்தான் வந்து சொல்ல வேண்டும். தட்டுக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும். உங்களுக்கு மார்ச் விடுமுறை வருகிறது.

இன்னொன்று. உங்கள் சோதனைகள் ஜனவரியில் முடிந்துவிட்டதாக அம்மம்மா அம்மாவிடம் ரெலிபோனில் சொன்னார். அப்படியானால் ஒரு மாதம் ஏன் எழுதவில்லை? நாங்கள் திரும்பி வந்தால் நல்லது என்று நினைத்தீர்களா? எனக்குக் கோபமில்லை. வந்து சொல்லுங்கள்.

றஜிதா

*

மோர்னிங்சைட்
23 மார்ச் 2025

அன்புள்ள மருமகளுக்கு,

அப்பாவும் நானும் பத்திரமாக வந்து சேர்ந்தோம். உன் காய்ச்சல் எப்படி? அக்கா முறுக்கிய என் இடது காது இப்போது சுகம். முதல்நாள் சாப்பாட்டு மேசையிலேயே உண்மையைச் சொன்னதற்கு அது கிடைத்த பரிசு. அத்தான் நிமிரவே இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். காதை முறுக்கியதைவிட அதுதான் நொந்தது.

நீ கேட்ட மற்றக் கேள்விக்குப் பதில்: ஓம். நீங்கள் திரும்பி வந்தால் நல்லது என்று கொஞ்சம் நினைத்தேன்.

இனி வெற்றிச் செய்தி. காய்ச்சலால் நீ தட்டடிக்கு வரவில்லை. வீட்டில் நான் சுருக்கமாகத்தான் சொன்னேன். முழுவதையும் வரலாறு அறிய எழுதுகிறேன். (திரும்பி வரும் வழியில் மலைவளைவுகளில் நான் வாந்தி எடுத்ததை வரலாறு அறியத் தேவையில்லை.)

டீசல் பஸ்ஸில் நானும் இக்கியும் வேறு சில சனங்களும். வழிகாட்டியாக ஒரு அம்மா. கைபேசி எல்லாம் நிற்பாட்டியாயிற்று. இறங்கி நடந்தோம். நம் தொடர்மாடியைப்போல மூன்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அதன் உயரம் வராது, வெள்ளை வெளேரென்று. இக்கி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். நான் முன்னால் போய், "நான் றொய்சன், கேக்குதோ" என்று கத்த வேண்டும். அதுதான் எல்லாருக்கும் தெரிந்த திட்டம். என் மனதிலோ அதைவிடப் பெரிய திட்டம். நான் அண்ணாந்து பார்த்தேன். அந்த நேரம் பார்த்துத் தட்டு திரும்பத் தொடங்கியது. ஒரு மலை தன் தலையை மெல்ல ஆட்டுவதுபோல. உடனே பயந்தவன் மாதிரி நடித்தேன். கால் நடுக்கம், முகம் வெளிறல், வாய் திறந்து சத்தம் வராமல் நிற்றல், எல்லாம் முதல்தரம்.

இக்கி என் கையைப் பிடித்தான். மேலே பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு வழிகாட்டி அம்மாவை நோக்கி, ஒஷாவாவுக்குக் கேட்கிற அதே குரலில், இங்கிலிஷில் கத்தினான்: "மிஸ், என்ர மாமாவுக்குப் பயம். விழப் போறார். ஓடிவந்து பிடியுங்கோ."

எல்லாரும் திரும்பினார்கள். அவன் தன் வாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு அந்த அம்மாவிடம், "இப்ப நான் கத்தினது அதுக்குக் கேட்டிட்டுதோ?" என்றான்.

"ஒரு சொல்லும் கேக்காது செல்லம். வேணுமெண்டா இன்னொருக்காக் கத்திப் பார்."

"அப்ப அப்பாவின்ர வேலை?"

"அது தன்ர பாட்டுக்கு இருக்கும்."

அவன் இன்னொருக்காக் கத்தினான். பிறகு பஸ்ஸில் வரும்வழி முழுக்க, அந்த அம்மாவின் வயது, அவருடைய நாயின் பெயர், தட்டுக்கு மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்று விடாமல் கேட்டுக்கொண்டே வந்தான். கடைசியில் அந்த அம்மா என்னிடம் கேட்டார், "இவர் எப்பவும் இப்படியோ?" ஓம் என்றேன்.

நடிப்பால் நோய் தீர்த்த மாமா,
றொய்சன்

*

மேற்கு வேர்ஜீனியா
13 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். இந்த முறை உண்மையாகவே. நீங்களும் சுகமா?

இக்கி வகுப்பில் அதிகம் பேசுகிறான் என்று பள்ளிக்கூடத்திலிருந்து முறைப்பாடு வந்தது. அம்மா அந்தக் கடதாசியைக் குளிர்ப்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறார். சூட்கேஸ் இரண்டும் கராஜுக்குப் போய்விட்டன, மைக்ரோவேவுக்குப் பக்கத்தில். அப்பா ஒவ்வொரு பின்னேரமும் வந்து, "இண்டைக்கு என்ன கதைச்சனி?" என்று கேட்பார், பிறகு சாப்பாடு முடியும்வரை வேறு யாருக்கும் வாய்திறக்க இடமில்லை.

இப்போது காட்டில் ஒருவகை உள்ளிப்பூண்டு முளைக்கிறது. பண்ணைக்காரர் கொண்டுவந்து தந்தார், அம்மா வறை வறுத்தார். அடுத்தநாள் பஸ் முழுக்க நாங்கள்தான் மணத்தோம். பஸ் அம்மா கண்ணாடியைத் திறந்துவிட்டு, "குட் மோர்னிங், செல்லம்" என்றார். "குட் மோர்னிங், நான்தான் மணக்கிறன்" என்றான் இக்கி.

உங்கள் நடிப்பைப் பற்றி அம்மா பார்க்டேலில் இருக்கிற சொந்தக்காரர் வரைக்கும் ரெலிபோனில் சொல்லிவிட்டார். நானும் நம்புகிறேன். நீங்கள் பெரிய நடிகர்தான்.

இக்கி தானும் எழுத வேண்டும் என்கிறான். அவன் சொல்லச் சொல்ல அப்படியே எழுதுகிறேன்:

"மாமா, சுகமோ? நான் சுகம். தட்டு என்னோட கோவிக்கேல்ல. உங்கட கை சரியான ஈரமா இருந்தது. என்ர கையை நசிச்சுப்போட்டியள். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல, இப்ப அக்காவுக்கு மட்டும் சொல்லுறன், அவா எழுதுறபடியால. இப்பவும் பயமோ? மேல் கட்டிலில படுக்கப் பயமெண்டா கீழ படுங்கோ. பரவாயில்ல."

மாமா, இதைப் பற்றி ஏதாவது சொல்லப்போகிறீர்களா?

அன்புடன்,
றஜிதா

*

மோர்னிங்சைட்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள மருமகன் இக்னேசியசுக்கு மட்டும்,

நான் சுகம். நீ சுகம் என்று இங்கேவரை கேட்கிறது.

இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதம். ஆனால் உனக்கு இன்னும் தமிழ் வாசிக்கத் தெரியாது, றஜிதாதான் வாசிக்க வேண்டும். ஆகவே றஜிதா, இரண்டு காதையும் நன்றாகப் பொத்திக்கொண்டு வாசிக்கவும்.

இக்கி, நீ தட்டடியில் பிடித்த கை ஈரமாகத்தான் இருந்தது. அது நடிப்பில்லை. தட்டு திரும்பியபோது எனக்குக் கத்த வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. ஓட நினைத்தேன், கால் வரவில்லை. பெரிய திட்டம் என்று ஒன்றும் இருக்கவில்லை. அதை ரொறன்ரோவுக்குத் திரும்பி வரும்வழியில், காரில் இருந்து யோசித்தேன், இரண்டு வாந்திக்கு நடுவில்.

சீ.என். கோபுரத்தின் கண்ணாடித் தரையில் நான் குதிக்கவுமில்லை. வகுப்புப் பிள்ளைகள் குதித்தார்கள். நான் சுவரோரமாக நின்று எல்லாருடைய பைகளையும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மேல் கட்டிலில் ஒருநாளும் படுக்கவில்லை. ஏணியில் மூன்றாம் படிக்குமேல் எனக்குச் சரிவராது. நீ போன நாளிலிருந்து கீழேதான் படுக்கிறேன். மேலே உன் தலையணை நீ விட்டுப்போனபடியே கிடக்கிறது. கோடைக்கு வரும்போது நீயே ஏறிப் படு. என்ன பாட்டு வேண்டுமானாலும் பாடு. சண்முகலிங்கம் அங்கிளுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். அவரும் இப்போது கூரையைத் தட்டுவதில்லை, அன்றைக்கு லிஃப்டில் வைத்து, "பொடியன் எப்ப வாறான்?" என்று கேட்டார்.

கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றதற்கு நன்றி. அம்மாவுக்கு இதைச் சொல்ல வேண்டாம். றஜிதா, உனக்கும்தான்.

ஈரக்கை மாமா,
றொய்சன்